நாலு சக்கர வீரம்

என் மனைவியின் அண்ணன் வெள்ளைக் கார் வாங்கிய மாதத்தில்தான் எனக்குக் காடு மலையெல்லாம் ஏற வேண்டும் என்ற ஆசை வந்தது. அதற்கு முந்தைய முப்பத்தாறு வருஷமும் அந்த ஆசை எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டு கடைந்து கொடுப்பது தொழில். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு மைல் தார் ரோடு. அதில் ஒரே ஒரு வேகத்தடை. நான் தினமும் ஏறி இறங்க வேண்டியிருந்த மலை அது ஒன்றுதான்.

மச்சான் காரை எடுத்ததும் கோயிலுக்குப் போனார். அடுத்து எங்கள் வாசலுக்கு வந்தார். கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டினார்.

"சத்தமே வராதுங்க மாப்ள. உள்ள உக்காந்தா ஊட்டுக்குள்ள உக்காந்த மாதிரிங்க."

நான் பம்ப் ஷாஃப்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் காரின் மேற்கூரையைத் தட்டிப் பார்த்தேன். தகரம் என்ற முடிவுக்கு வந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"காரு யாரு வேணாலும் ஓட்டலாமுங்க மச்சான். எனக்கு ஜீப்புதானுங்க சரிப்படும்."

காபித் தம்ளர்களோடு வந்துகொண்டிருந்த என் மனைவி ஒரு நிமிஷம் நின்றாள். எங்கள் வீட்டில் ஜீப் என்ற சொல் ஒலித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவள் பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் படித்தவள். எனக்கு வாழ்க்கைப்பட்டதால் அந்தப் படிப்பெல்லாம் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பதோடு நின்றுபோயிருந்தது. அண்ணன் போன பிறகு, "ஏனுங்க, ஜீப்புல எங்க போகப் போறோமுங்க?" என்று மட்டும் கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு வருஷத்துக்கு என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

வால்பாறையில் ஒரு எஸ்டேட் மேனேஜர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார், ஜீப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். பொள்ளாச்சிக்குப் போய் பஸ் பிடித்து, நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். புறப்படும்போது, கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போகலாம் என்று மனைவி சொன்னாள். "இரும்புலயே பொழைக்கிறவனுக்கு மெக்கானிக் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

மேனேஜர் என்னை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் டீ குடிக்க வைத்தார். சிறுத்தையைப் பற்றிப் பேசினார். யானை துரத்திய கதையைச் சொன்னார். அதில் யானையைவிட ஜீப் அதிகமாக வந்தது. ஜீப் பங்களாவுக்குப் பின்னால் தேயிலைச் சரிவின் ஓரமாக நின்றது. பச்சை நிறம். ரெண்டு இடத்தில் துரு. ஹூட் துணியில் பாசி பிடித்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இந்த வண்டி இதுவரைக்கும் யார்கிட்டயும் நோ சொன்னது கிடையாது, தம்பி" என்றார்.

கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லீவரைத் தொட்டு, "இது ஃபோர் வீல்தானுங்களே?" என்றேன். எஞ்சின் நாலு சக்கரத்தையும் சுற்றுமாம்; அந்தச் சொல்லை நான் பேப்பரில் படித்திருந்தேன்.

அவர் என் கையை மெல்ல எடுத்து நகர்த்தி வைத்தார்.

"ஃபோர் வீல்தான். ஆனா அதைத் தொடாதீங்க. ஓட்டத் தெரியாதவன்தான் அதைப் போடுவான். நான் பதினெட்டு வருஷமா இந்த மலையில ஓட்டறேன். ஒரு தடவை அதைத் தொட்டிருப்பேனா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அப்போதைக்கு, ஓட்டத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டாரே என்று பூரித்துப்போனேன். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. வெள்ளைக் கோப்பையில் டீ கொடுத்த மனிதர் முன்னால் குனிவது மரியாதையாகப் படவில்லை.

வண்டியை வாங்கிக்கொண்டு மலை இறங்கி வரும்போது பிரேக் சூடாகி ரப்பர் கருகும் வாசனை வந்தது. அதை நான் காட்டின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை உக்கடத்தில் ஒரு பாயின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கோட்டைமேட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். வாயில் ஒரு ஸ்குரூவைக் கடித்துக்கொண்டே பேசுவார். வண்டிக்கு அடியில் பத்து நிமிஷம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்தார்.

"ங்ணா, அடியில ஒரு முக்கியமான வேலை இருக்குதுங்க. ஒருக்கா வந்து பாத்துப்போடுங்க."

"அடியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் பாய். மொதல்ல மேல பாருங்க. ரோட்டுல போனா நாலு பேரு திரும்பிப் பாக்கோணும்."

அவர் ஸ்குரூவை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு, "செஞ்சு போடலாமுங்ணா" என்றார்.

செய்து போட்டார். முதலில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்தோம். அப்போது ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தால் சமையலறை அலமாரியில் தட்டுகள் நடந்து விளிம்புக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் ரொம்பப் பணிவானவர்; "நெல்லு அரைக்கிற மெஷினு போட்டிருக்கறீங்களாக்கும்?" என்று கேட்டார்.

அடுத்தது டயர். ஜீப்புக்கு எது பொருந்துமோ அதைவிட ஒரு அளவு பெரியதாக, பற்கள் துருத்திக்கொண்டிருக்கும் டயர்கள். அவை மட்கார்டில் உரசின. எனவே மட்கார்டை வெட்டினோம். வண்டி உயர்ந்துவிட்டதால் சேலை கட்டிய யாரும் அதில் ஏற முடியவில்லை. என் மனைவி ஒரு நாள் முயன்று பார்த்துவிட்டு, உள்ளே போய் சமையலறை முக்காலியை எடுத்து வந்து போட்டு, ஏறி உட்கார்ந்து, "முக்காலிய எடுத்து உள்ள வையுங்க, எறங்கறதுக்கு வேணுமுங்க" என்றாள். அதன் பிறகு எங்கே போனாலும் முக்காலியும் வந்தது. கல்யாண மண்டப வாசலில் அத்தனை பேர் பார்க்க, நான் முதலில் குதித்து இறங்கி, முக்காலியைக் கொண்டுபோய் மறுபக்கத்தில் போடுவேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்? பார்த்தார்கள்.

பிறகு முன்னால் எருமை முட்டினாலும் அசையாத இரும்புச் சட்டம். மேலே வரிசையாக ஆறு விளக்குகள். ஆறையும் போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் பகலில் மட்டும் போட்டுக் காட்டுவேன். கடைசியாகப் புகைக்குழாயை முன்கண்ணாடியை ஒட்டி மேலே ஏற்றினோம். ஆற்றைக் கடக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் புகாமல் இருக்க. இது கோயமுத்தூரில் நடந்தது. எங்கள் நொய்யலில் கணுக்கால் நனைய வேண்டுமென்றாலும் யாராவது மேலே அணை கட்டிய இடத்தில் மனது வைக்க வேண்டும். ஆற்றைக் கடக்காத குழாய் என் முகத்துக்கு நேராகப் புகையைக் கக்கியது. பட்டறைக்குப் போய் இறங்கினால் கரிமூட்டம் போட்டவன் மாதிரி இருப்பேன்.

ஒவ்வொரு வேலைக்கு முன்னாலும் பாய், "ங்ணா, அந்த அடி வேலை..." என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் நான், "அடுத்த தடவை பாய்" என்பேன். ஒரு கட்டத்துக்குமேல் அவர் சொல்வதை விட்டுவிட்டார். நான் அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சான் குடும்பமும் நாங்களும் உடுமலைப்பேட்டைக்கு அப்பால் அமராவதி அணைக்குப் போனோம். அவர் காரில் அவரும் அவர் மனைவியும். பிள்ளைகள் எல்லாம் என் ஜீப்பில். சாப்பாட்டு அடுக்குகளும் ஜீப்பில். காற்றில் பறக்கும் வண்டியை விட்டு எந்தப் பிள்ளை காருக்குள் உட்காரும்? அந்த ஒரு விஷயத்தில் மச்சானை ஜெயித்துவிட்டிருந்தேன்.

நீர்த்தேக்கத்தின் ஓரமாகத் தண்ணீர் வடிந்த இடத்தில் பச்சைப் பாய் விரித்ததுபோல் புல் முளைத்திருந்தது. மச்சான் காரை மேட்டிலேயே நிறுத்தி, மரத்தடியில் ஜமக்காளம் விரிக்கச் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை.

"மரத்தடி எல்லா ஊர்லயும் இருக்குதுங்க மச்சான். தண்ணிக்குப் பக்கத்துல போயி உக்காந்து சாப்பிடுவோம். நீங்க நடந்து வாங்க, நான் வண்டியக் கொண்டாறேன்."

"ஈரமா இருக்குதுங்களே மாப்ள."

"ஈரத்துக்குத்தானுங்க இந்த வண்டி."

புல்லுக்குக் கீழே இருந்தது முழங்கால் ஆழத்துக்கு வண்டல் என்பது இருபதடி போனதும் தெரிந்தது. ஜீப் ஒரு எருமை படுப்பதுபோல நிதானமாக, அலட்டிக்கொள்ளாமல் பின்பக்கத்தை உள்ளே இறக்கியது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கீழே இறக்கினோம். மனைவியும் இறங்கினாள். முக்காலியை வைத்தால் அதுவும் உள்ளே போனது.

எனக்குள் பயம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் இருந்தது. இரண்டு வருஷமாக இந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தேன். மேனேஜர் தொட வேண்டாம் என்று சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் அவர் முன்னால் இப்படி ஒரு மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

"இப்பப் பாருங்க மச்சான். இதுக்குப் பேருதானுங்க ஃபோர் வீலு" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படியாகக் கையை உயர்த்தி, குட்டி லீவரைப் பிடித்து இழுத்தேன். கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

பின் சக்கரங்கள் சுழன்றன. அவை வாரி இறைத்த சேறு நேராகப் போய் மச்சானின் வேட்டியில், சட்டையில், மூக்குக் கண்ணாடியில் அப்பியது. வண்டி இன்னும் ஒரு சாண் கீழே போனது. நான் இன்னும் மிதித்தேன். குழாய் கரும்புகையைக் கக்கியது.

ஓரமாக நின்றிருந்த என் மனைவி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்க, முன் சக்கரம் சுத்தவே இல்லீங்க."

"சுத்தும். பிடிக்கறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

"இல்லீங்க. முன் சக்கரத்துல ஒரு எலை ஒட்டியிருக்குது. நீங்க மிதிக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்குது."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன தெரியும்?" என்று கத்தினேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சேற்றில் ஒரு கையை ஊன்றி, முன் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை. கணக்கில் விடை வந்துவிட்ட முகம்.

"எஞ்சின்ல இருந்து பின்னாடி ஒரு தண்டு போகுதுங்க. அதே மாதிரி முன்னாடியும் ஒண்ணு போகோணுமல்லீங்களா? அங்க ஒண்ணுமே இல்லீங்க. வெறும் காத்துதானுங்க இருக்குது."

மச்சான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் மனைவி குனிந்து பார்த்தாள். பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். கரையில் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த மூன்று மீனவர்களும் குனிந்து பார்த்தார்கள். நான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஷாஃப்ட். பத்து வருஷமாக நான் காலையில் எழுந்தால் ஷாஃப்ட், படுத்தால் ஷாஃப்ட். என் பட்டறை வாசலில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் சாமான். என் ஜீப்பில் இல்லாதது அதுதான்.

மீனவர்கள்தான் காப்பாற்றினார்கள். வலைக்கயிற்றை முறுக்கிக் கட்டி, சக்கரத்துக்குக் கீழே கல்லும் புதரும் போட்டு, மச்சான் உட்பட ஆறேழு பேர் இழுத்தோம். என்னுடைய இரும்புச் சட்டம் அன்றைக்குத்தான் முதன்முதலாக உபயோகப்பட்டது. கயிறு கட்ட வசதியாக இருந்தது. வண்டி மேலே வந்ததும் ஒரு மீனவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஜீப்புங்களா இது? சத்தத்தக் கேட்டு டிராக்டர்னு நெனச்சோமுங்க. டிராக்டர்னா தானா ஏறீரும்னு சும்மா பாத்துட்டு நின்னோம்" என்றார்.

மச்சான் கேலி செய்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் கொங்கு நாட்டுக்காரர். எங்கள் ஊரில் ஒருவரை அறைய வேண்டுமென்றால் கையை ஓங்க மாட்டார்கள்; ஒரு 'ங்க' சேர்த்துச் சொல்வார்கள். சேறு காய்ந்த வேட்டியோடு மரத்தடியில் தயிர் சாதம் சாப்பிட்டபடி சொன்னார்:

"வண்டி ரொம்ப நல்ல வண்டீங்க மாப்ள. ரெண்டு சக்கரம் சுத்தாட்டிப் போகுதுங்க. மீதி ரெண்டு நல்லாச் சுத்துதல்லீங்க."

மறுநாள் காலையில் பட்டறையைத் திறக்காமல் நேராக உக்கடத்துக்குப் போனேன். பாய் தலையை நிமிர்த்தாமல், "சொல்லுங்ணா" என்றார்.

"முன்னாடி ஷாஃப்ட் இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுமுங்க."

"ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தனுங்க. லைட்டு போடச் சொன்னீங்க. மறுபடி வந்தனுங்க. கொழாய மேல ஏத்தச் சொன்னீங்க." ஸ்குரூவை வாயிலிருந்து எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். "அதுவுமில்லாம நீங்களே ஷாஃப்ட் கம்பெனிக்காரரு. உங்களுக்குத் தெரியாமயா இருக்கும், ஏதோ காரணமாத்தான் விட்டிருக்கறீங்களாக்கும்னு இருந்துட்டனுங்க."

அவர் கண்ணில் சிரிப்பு இருந்ததா என்று பார்த்தேன். துளி இல்லை. அதற்காகவே அவரை இன்னும் வெறுத்தேன்.

மேனேஜருக்கு ஒரு காரசாரமான கடிதம் எழுதினேன். தமிழில் எழுதினால் மரியாதை வந்துவிடும் என்று இங்கிலீஷில் எழுதினேன். பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காகத் தமக்கு முந்தைய மேனேஜர் அந்தத் தண்டைக் கழற்றிவிட்டதாகவும், எஸ்டேட் ஸ்டோரில் எங்கோ கிடக்கும் என்றும், தாம் லீவரைத் தொட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்ததை நான் மறந்திருக்க மாட்டேன் என்றும் நாலே வரி. என் உடல்நலத்தை விசாரித்திருந்தார்.

பாய் பழைய இரும்புக் கடைகளில் தேடி ரெண்டு முனைக்கும் வேண்டிய ஜாயிண்டுகளைப் பிடித்துக் கொடுத்தார். நடுத்தண்டை என் பட்டறையிலேயே செய்தேன். ஆட்களிடம் கொடுக்க வெட்கமாக இருந்ததால் நானே லேத்தில் நின்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு நிற்கிறேன். சூடான பிசிறு தெறித்து முழங்கை வெந்தது. முதல் தண்டு அரை அங்குலம் குட்டையாகப் போயிற்று. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தபோது அளவெடுத்தது தப்பு என்று பாய் சொன்னார். தரையில் நிறுத்தி அளக்க வேண்டுமாம். முதல்முறையாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். முதுகில் ஆயில் ஊறியது. கண்ணுக்கு மேலே வண்டியின் எலும்பெல்லாம் தெரிந்தது. இரண்டு வருஷமாக நான் பொட்டு வைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்த சாமான், உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டாவது தண்டு பொருந்தியது. போல்ட் உட்கார்ந்த சத்தம் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், ஆறு விளக்குகளும் சேர்ந்து கொடுக்காத சந்தோஷம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சோதித்துப் பார்க்க அன்னூர்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குப் போனோம். உழுத காட்டில் தண்ணீர் பாய்ந்து களிமண் இளகிக் கிடந்தது. நான் லீவரைத் தொட்டேன். இழுக்காமல் விட்டேன், மறுபடி தொட்டேன். இந்த முறையும் சுற்றாவிட்டால்? பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் பார்த்தாள்.

"தள்ளி உக்காருங்க. நான் பாக்கறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே?"

"உங்களுக்குத் தெரிஞ்சா ஓட்டுனீங்க?"

இடம் மாறினோம். ரெண்டு முறை எஞ்சின் அணைந்தது. மூன்றாவது முறை ஜீப் நாலு சக்கரத்தாலும் மண்ணைப் பற்றி, நத்தை மாதிரி, ஆனால் நிற்காமல், அந்தக் காட்டை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடந்தது. அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஃபிசிக்ஸ் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி ஓட்டினாள்.

மூன்று மாதத்தில் லைசென்ஸ் எடுத்தாள். எடுத்த கையோடு ஜீப்பை உக்கடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், பெரிய டயர்களைக் கழற்றி சரியான அளவில் மாட்டச் சொன்னாள். முக்காலி சமையலறைக்குப் போனது. மேல் விளக்குகள் ஆறும் போயின. புகைக்குழாய் கீழே இறங்கியது. பாய் என்னிடம், "அம்மணி வந்தாங்கன்னா நேரா அடியிலதானுங்ணா பாக்கறாங்க" என்றார். இந்த முறை சிரித்தார்.

அதன் பிறகு தோட்டத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். வாரத்தில் மூன்று நாள் அன்னூர் போய் வந்தாள். ஒரு ஐப்பசியில் அடைமழை. கிணற்று மோட்டார் எரிந்துபோய், அதைச் சேற்றுப் பாதை வழியாக வெளியே கொண்டுவர மாட்டு வண்டிக்காரர் மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இவள் மோட்டாரை ஜீப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்கே கொண்டுவந்து ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமைக்க ஆரம்பித்துவிட்டாள். சாப்பிட உட்காரும்போதுதான் போகிற போக்கில் சொன்னாள்.

நான் சோற்றில் கை வைக்காமல் கேட்டேன். "லீவரப் போட்டியா? நாலு சக்கரமும் சுத்துச்சா?"

"நான் பாதையப் பாப்பனா, சக்கரத்தப் பாப்பனா? வந்து சேந்துட்டனல்லங்க. ரசம் ஊத்தட்டுங்களா?"

ஊற்றச் சொன்னேன். அந்த ஷாஃப்ட் எங்கள் பட்டறையில் கடைந்தது என்பதை அன்னூரில் யாரிடமாவது சொன்னாளா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அடுத்த வாரம் நானே அங்கே போனபோது டீக்கடையில் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் அறிமுகம் செய்து வைத்தார்:

"தெரியலீங்களா? ஜீப்பு ஓட்டுமே ஒரு அம்மணி, அவுங்க ஊட்டுக்காரருங்க."